உங்கள் ஜிபி எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார்: என்எச்எஸ் தரவைப் படிக்கும் முறை

ஒரு ஜிபி (குடும்ப மருத்துவர்) எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்பது இங்கிலாந்தில் ரகசியமே இல்லை. எந்த ஜிபி சர்ஜரியின் (குடும்ப மருத்துவர்களின் கிளினிக்) மருந்துச் சீட்டுக்கு எந்த மருந்து எவ்வளவு வாங்கப்பட்டது என்பதை, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் பிஸினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி தன் இணையதளத்தில் மாதாமாதம் வெளியிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் பிந்தி வரும். எங்கள் பகுதி சர்ஜரிகளின் ஆன்டிபயாடிக் கணக்கை இதிலிருந்துதான் எடுத்தோம்.

முதலில் சர்ஜரியின் குறியீடு வேண்டும்: ஓர் ஆங்கில எழுத்து, ஐந்து இலக்கம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், 'தி சர்ஜரி' என்ற பெயரிலேயே பல இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சர்ஜரிகள் இணைந்திருந்தால் ஒரு குறியீடு மூடப்பட்டு, மற்றதன் எண்ணிக்கை திடீரென எகிறும். அதற்கும் மருத்துவரின் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒரு மாதக் கோப்பில் ஒரு கோடிக்கும் மேல் வரிசைகள் உண்டு. எக்செல் 10,48,576 வரிசையோடு நின்றுவிடும். மீதியைப் பார்க்கவே முடியாது. பிஸினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி தளத்தின் ஏபிஐ (தேவையான தரவை மட்டும் நிரல் மூலம் கேட்டு வாங்கும் வசதி) வழியாக உங்கள் சர்ஜரியின் குறியீட்டுக்கு உரியதை மட்டும் கேட்டு வாங்குவதே நல்லது.

மருந்துகளை பிஎன்எஃப் என்ற பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டின் வகைப்பாட்டில் அமைந்த 15 எழுத்துக் குறியீட்டால் பிரிக்கலாம். 0501 என்று தொடங்குபவை பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள். காசநோய் (050109), தொழுநோய் (050110) மருந்துகளும் அதற்குள்ளேயே வரும், அவற்றைக் கழித்துவிடுங்கள்.

பலரும் சறுக்குவது 'ஐட்டம்' என்ற கணக்கில்தான். சீட்டில் ஒரு வரி என்றால் ஒரு ஐட்டம், அவ்வளவுதான். 28 நாளுக்கு எழுதும் சர்ஜரியில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை ஆண்டுக்கு 13 ஐட்டம் ஆகும். 56 நாளுக்கு எழுதினால் ஆறோ ஏழோதான். வாராவாரம் சீட்டு எழுதுமிடத்தில் 52. உள்ளே போகும் மாத்திரைகளின் எண்ணிக்கை ஒன்றே.

ஆன்டிபயாடிக்கில் எங்களுக்கு அதிகம் சொன்னது 'குவான்டிட்டி' (ஒரு சீட்டில் எழுதிய எண்ணிக்கை) என்ற நெடுவரிசைதான். ஒரே மருந்தை வெவ்வேறு எண்ணிக்கையில் எழுதியிருந்தால் தனித்தனி வரிசையாக வரும். அமாக்சிசிலின் 500 மி.கி. நாளுக்கு மூன்று வேளை என்றால், 15 கேப்சூல் ஐந்து நாள், 21 கேப்சூல் ஏழு நாள். மருத்துவர்கள் குறுகிய காலச் சிகிச்சைக்கு மாறினார்களா என்பதை இந்த இரண்டு வரிசைகளே காட்டிவிடும். ஐட்டம் எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது.

சர்ஜரிகளை ஒப்பிட 'ஆயிரம் பேருக்கு இத்தனை' என்பது போதாது. முதியோர் இல்லங்களைக் கவனிக்கும் சர்ஜரியும் பல்கலைக்கழக மாணவர் சர்ஜரியும் ஒன்றல்ல. ஐட்டம் எண்ணிக்கையை, நோயாளிகளின் வயதையும் பாலினத்தையும் எடைபோடும் ஸ்டார்-பியூ அளவையால் வகுக்க வேண்டும். அதோடு, பலவகை பாக்டீரியாக்களைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகளான கோ-அமாக்சிகிளாவ், செஃபலோஸ்போரின், குயினலோன் மூன்றும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்பிரிஸ்கிரைபிங் தளம் இதையெல்லாம் வரைபடமாகவே போட்டுத் தருகிறது. கணக்கில் விருப்பமில்லாதவர்கள் நேரே அங்கே போகலாம்.

ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2022 டிசம்பரில் 'ஸ்ட்ரெப் ஏ' என்ற பாக்டீரியா தொற்று பரவியபோது பெனிசிலின் தேவை நாடெங்கும் ஏறியது, தட்டுப்பாடும் வந்தது. பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையே நம்பத்தக்கது.

நோய் என்ன, நோயாளி யார் என்பது இந்தத் தரவில் இல்லை. தனியார் சீட்டும் மருத்துவமனைக்குள் கொடுத்த மருந்தும் இல்லை. ஆகவே சர்ஜரியின் நோயாளர் குழுக் கூட்டத்தில் 'ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. 'அமாக்சிசிலினில் 21 கேப்சூல் சீட்டுகள் ஏன் குறையவில்லை?' என்று கேளுங்கள். சர்ஜரியின் மருந்தாளுநர் அதற்குத் தன் கணினியிலேயே விடை தேட முடியும்.