நவம்பர் 26, இரவு 10 மணி ஆட்டம்

9 அக்டோபர் 2022

கிடைத்துவிட்டது. உலகக் கோப்பை கால்பந்து, அர்ஜென்டினா – மெக்சிகோ, நவம்பர் 26, கத்தாரில் லுசைல் ஸ்டேடியம். மூன்று டிக்கெட். தோஹாவிலிருந்து கூப்பிட்ட அண்ணனுக்குப் பேச்சே வரவில்லை. ஏ.சி. வேலைக்கு நடுவில் மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு காத்துக்கிடந்து எடுத்தானாம். மூன்றாம் வகை, ஆளுக்கு 250 ரியால். அப்பா, தம்பி, அவன்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடியும் முன்ன வந்துருவாங்களா?"

12 அக்டோபர்

இந்த உலகக் கோப்பைக்கு ஹய்யா கார்டு என்ற பார்வையாளர் அட்டை இல்லாவிட்டால் கத்தாருக்குள்ளேயே விட மாட்டார்கள். டிக்கெட், பாஸ்போர்ட், போட்டோ, தங்குமிடம் எல்லாம் கேட்கிறது. தங்குமிடம்தான் இடித்தது. அண்ணன் இருப்பது கம்பெனி ரூம், அங்கே விருந்தாளியை வைக்க முடியாது. சின்னத்துறைக்காரர் ஒருவர் தோஹாவில் குடும்பத்தோடு இருக்கிறார். "நம்ம ஊர் ஆளுக்கு இல்லாத வீடா" என்று தன் வீட்டையே பதிவு செய்து கொடுத்துவிட்டார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நன்றாக இருக்கட்டும்.

அப்பாவை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். தலை சீவி, ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

17 அக்டோபர்

தம்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. படகிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்கு அவன் போன பிறகுதான் டிக்கெட்டே கிடைத்தது. கொச்சியிலிருந்து கிளம்பிய போட்டு இந்நேரம் எங்கே கிடக்கிறதோ.

24 அக்டோபர்

தீபாவளி லீவு. அப்பா சாயங்காலம் முழுக்க 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பற்றிப் பேசினார். மெக்சிகோவில் பகல் ஆட்டம், நமக்கு நள்ளிரவு. ஜூன் 29, பேதுரு பவுல் திருநாள். திருப்பலி, பந்தல் எல்லாம் முடிந்து ஊரே ஒரு டிவி முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனி இரண்டு கோலையும் திருப்பிப் போட்டுவிட்டது. அப்புறம் மரடோனா ஒரே ஒரு பாஸ் கொடுக்கிறார், புருச்சாகா ஓடுகிறார், 3-2. "அந்தப் பந்து அவர் கால்ல ஒரு நொடிகூட நிக்கல மக்களே." கட்டிலில் உட்கார்ந்தபடியே வலது காலால் அதைத் தட்டிக் காட்டினார். முட்டி வலியில் முகம் சுருங்கியது. ஆனாலும் இன்னொரு தரம் காட்டினார்.

தூத்தூர் கடற்கரையில் வெறுங்காலில் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடியவர். ஸ்டேடியம் என்று ஒன்றில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

1 நவம்பர்

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உள்ளூர் விடுமுறை. பயல்கள் பொழுதெல்லாம் கொடி கட்டினார்கள். எங்கள் தெரு அர்ஜென்டினா, சிலுவை நிற்கும் குருசடிக்கு அப்பால் முழுக்க பிரேசில். எதிர்வீட்டுச் சித்தப்பா போர்ச்சுகல் கொடியை ஒற்றை ஆளாய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி, பூ, மழைத் தூறல். ஒக்கிப் புயலில் போனவர்களில் பலருக்குக் குழி இல்லை, பேர் மட்டும்தான். 2017 நவம்பர் 29 ராத்திரி அடித்த காற்று. இந்த மாதம் வந்தாலே வீட்டில் யாரும் வானிலைச் செய்தியை முழுதாகக் கேட்பதில்லை, ஆனால் நிறுத்துவதும் இல்லை. அப்பா தன் கூட்டாளியின் பேர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தம்பியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

11 நவம்பர்

விடாத மழை. தகவல் இல்லை.

13 நவம்பர்

கரைக்கு வந்த வள்ளவிளைப் போட்டுக்காரர் சொன்னார்: வயர்லெஸில் பேசினார்களாம், எல்லாரும் சுகம். மீன்பாடு மோசம், டீசல் காசுகூடத் தேறவில்லை, அதனால் இன்னும் வடக்கே போகிறார்கள். சுகம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை கால் வந்தது. அப்புறம்தான் நாளை எண்ணினேன். 25 ராத்திரி ஃப்ளைட். வர மாட்டான்.

15 நவம்பர்

படிக்கட்டு. இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லுசைலில் 88,000 பேருக்கு மேல் உட்காரலாம். மூன்றாம் வகை என்றால் மேலே, கோல்போஸ்டுக்குப் பின்னால். மெட்ரோ சிவப்புத் தடத்தில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய், இறங்கி நடந்து, வரிசையில் நின்று, அதற்கப்புறம் ஏற வேண்டும். ஆட்டம் முடிய நடுராத்திரி ஆகும். அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். அப்பாவின் வலது முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. டாக்டர் ஊசி போட்டிருக்கிறார், ஏறுவதைவிட இறங்குவதைப் பார்த்துச் செய்யுங்கள் என்றார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இந்த வயதுக்காரர்கள் படியில் தவறி இடுப்பு ஒடிந்து வருவதைத் தினமும் பார்க்கிறேன். அண்ணனுக்கு அவரைத் தோளில் தாங்கத் தெரியும், ஆனால் அவன் ஆட்டம் தொடங்கினால் உலகத்தை மறந்துவிடுவான். இறங்கும்போது ஒருத்தர் அவருக்கு ஒரு படி கீழே, திரும்பி நின்று, கையைப் பிடிக்க வேண்டும். தம்பி செய்வான் என்று இருந்தேன்.

17 நவம்பர்

அண்ணன்: "தம்பி டிக்கெட்ட ஒன் பேருக்கு மாத்துறேன். நீ வா பிள்ளே."

நர்ஸிங் முடித்த கையோடு எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. எனக்குப் போக ஆசை. சின்ன வயதிலிருந்தே ஆசை. கரையில் பயல்கள் ஆடும்போது வெளியே போன பந்தை எடுத்துப் போடுவதுதான் என் வேலை, அதையும் ஓடி ஓடிச் செய்திருக்கிறேன். ஆனால் இது தம்பியின் இருக்கை.

18 நவம்பர்

அம்மா சொன்னாள், "அவனுக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ போ." ஹய்யாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. லீவு கேட்டிருக்கிறேன்.

20 நவம்பர்

முதல் ஆட்டம். கூடாரம் மாதிரியே கட்டிய அல் பைத் ஸ்டேடியம். கத்தாரை ஈக்வடார் 2-0, இரண்டும் வலென்சியா. என் அனுமதி இன்னும் வரவில்லை.

22 நவம்பர்

அர்ஜென்டினா தோற்றுவிட்டது. சவுதியிடம். 36 ஆட்டம் தோற்காமல் வந்த அணி. பத்தாவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டி போட்டார். அப்புறம் முதல் பாதியில் அடித்த மூன்று கோலும் ஆஃப்சைடு என்று கணக்கில் வரவில்லை. இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு வாங்கிக்கொண்டார்கள். குருசடிக்கு அந்தப் பக்கம் வெடி போட்டார்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார், இருட்டின பிறகுதான் வந்தார். "மெக்சிகோகிட்டயும் தோத்தா அவ்வளவுதான்" என்றார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். மெஸ்ஸிக்கு 35 வயது. நாம் போய்ப் பார்க்கப்போகும் ஆட்டத்தோடு அவருடைய உலகக் கோப்பைக் கனவு முடிந்துவிடக் கூடாது, மாதாவே.

23 நவம்பர்

நுழைவு அனுமதி மெயிலில் வந்துவிட்டது. டிக்கெட்டும் என் பேரில் ஏறிவிட்டது. லீவும் சரி என்றார்கள். மார்த்தாண்டம் போய் அச்செடுத்துவிட்டு, அப்பாவுக்கு முட்டிப் பட்டை ஒன்று வாங்கினேன்.

சாயங்காலம் தகவல்: தம்பி போட்டு திரும்புகிறது. 27 வாக்கில் கொச்சி.

25 நவம்பர், விடியற்காலை

பிரேசில் – செர்பியா, அதே லுசைல். ரிச்சர்லிசன் அந்தரத்தில் புரண்டு அடித்த கோலுக்கு ஊரே எழுந்து கத்தியது. நான் டிவியில் மேல்தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படி நல்ல செங்குத்து. கைப்பிடிக் கம்பி இருக்கிற மாதிரி தெரிந்தது, அதற்குள் கேமராவைத் திருப்பிவிட்டார்கள்.

25 நவம்பர்

இன்று மரடோனா இறந்த நாள். அப்பா காலைப் பூசையில் அவருக்காகவும் வேண்டச் சொல்லி ஜெபக் கருத்துக் கொடுத்தாராம்.

அண்ணனுக்கு நெத்திலிக் கருவாடு, மரச்சீனி வற்றல். கருவாட்டை மூன்று கவர் போட்டுக் கட்டினேன். சின்னத்துறைக்காரர் வீட்டுக்கு அம்மா முந்திரிக்கொத்து செய்து கொடுத்திருக்கிறாள்.

மதியம் தம்பியே பேசினான், சாட்டிலைட் போனில். காற்று இரைச்சல். யாரோ வயர்லெஸில் எல்லாம் சொல்லிவிட்டார்களாம். "அக்கா, அப்பாவ ஓரத்து சீட்ல உக்கார வை, கால நீட்டணும்லா" என்றான். நான் ஏதோ சொல்வதற்குள் அடுத்தவன் போனை வாங்கிவிட்டான். கோபமா இல்லையா, தெரியவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இரைச்சலில் எப்படித் தெரியும்.

கார் வந்துவிட்டது. களியக்காவிளையில் நெரிசலாம், சீக்கிரம் கிளம்பச் சொல்கிறார்கள். அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. முட்டிப் பட்டையை எங்கே கழற்றி வைத்தார் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். தேட வேண்டும்.