தண்டவாளத்துக்கு அப்பால் போன எங்கள் தெருக்கள்

2017 டிசம்பர் கடைசியில், வார்டு எல்லைகளை மாற்றி வகுக்கும் மறுவரையறை வரைவு வெளியானபோது, சென்னை மாநகராட்சியில் ஓராண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால் நிர்வாகம் தனி அலுவலரிடம் இருந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு கூறுகிறது. வடசென்னையில் உள்ள எங்கள் கொருக்குப்பேட்டையில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவது என்பதற்கு அந்தப் பிரிவில் விடை இல்லை.

வரைவில் குறை இருந்தால் உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவித்தாக வேண்டும். எல்லைகள் இறுதியாகிவிட்டால், 243-இசட்ஜி பிரிவின்படி அவற்றை நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்க இயலாது. இதை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் எடுத்துச் சொன்னவர், வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் இல்லாவிட்டால் புத்தாண்டு வேலைகளுக்கு இடையே அந்தக் குறுகிய அவகாசம் எங்கள் கண்ணில் படாமலே கழிந்திருக்கும்.

வார்டின் நான்கு எல்லைகளும் தெருப் பெயர்களாக எழுத்தில் தரப்பட்டிருந்தன. படித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் தோன்றியது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தபோதுதான், வடக்கு எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்த தெருவை அந்தப் பெயரில் யாருக்குமே தெரியவில்லை என்பது புரிந்தது. தண்ணீர்த் தொட்டியருகே குடங்களை வரிசையில் வைத்திருந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்க்காமலேயே, "அது பழைய பேருப்பா, இப்ப பள்ளிக்கூடத்துத் தெருன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார். அந்தத் தெருவை வைத்துக் கோடு இழுத்துப் பார்த்ததில், எங்கள் பக்கத்துச் சில தெருக்கள் ரயில் பாதைக்கு மறுபுறமுள்ள வார்டோடு போய்ச் சேர்ந்திருந்தன. ரயில்வே கேட் மூடினால் சரக்கு ரயில் கடந்து முடியும்வரை இருபுறமும் ஆட்டோவும் லாரியும் நிற்கும் இடம் அது. கவுன்சிலர் அலுவலகமும் வாக்குச்சாவடியும் கேட்டுக்கு அந்தப் பக்கம் அமைந்தால், முதியவர்கள் போவதையே விட்டுவிடுவார்கள்.

முதலில் எழுதிய மனுவில் 'தலைமுறை தலைமுறையாக ஒன்றாக வாழும் மக்களைப் பிரிக்கக் கூடாது' என்ற வகையில் பல வாக்கியங்கள் இருந்தன. பெரியவர் அவற்றையெல்லாம் அடித்துவிட்டார். "தம்பி, நம்ம வருத்தத்தை எந்தக் கலத்துல குறிக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஜனத்தொகையை எழுது, எல்லையை எழுது, வீட்டுக் கணக்கை எழுது" என்றார். மனுவை உருப்படியாக்கியது அந்த அறிவுரைதான் என்பது என் கருத்து.

ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தபோது, தெருக்களைவிடப் பெரிய விஷயம் ஒன்று அகப்பட்டது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் தரப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரில் சுமார் 46.5 லட்சம் பேர். சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம் பேர். அதாவது, பழைய நகரில் சராசரியாக 43 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர், புதிய பகுதிகளில் ஏறக்குறைய 22 ஆயிரம் பேருக்கு ஒருவர். வடசென்னையிலேயே பழைய நகரைச் சேர்ந்த தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் ஒரு பக்கமும், புதிதாகச் சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்கள் மறுபக்கமும் நின்றன. மணலிக்காரர்களுக்குக் கிடைத்ததைப் பறிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆலைப் புகையைச் சுவாசிக்கும் அவர்களுக்காகப் பேச இன்னும் சிலர் இருந்தாலும் தகும். எங்கள் வாக்குக்கு ஏன் பாதி மதிப்பு என்று மட்டுமே கேட்டோம்.

கையெழுத்து வாங்குவது எளிதாக இருக்கவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் ரேஷன் கார்டுக்குச் சிக்கல் வருமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு வந்தது. இரண்டு கட்சிகளின் வட்டச் செயலாளர்களும் தத்தம் கணக்குகளோடு வந்தார்கள். தெருவாசி என்ற முறையில் கையெழுத்திடலாம், கட்சிப் பொறுப்பைக் குறிப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். ஒருவர் இட்டார், மற்றவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மனுவைக் கொடுக்கச் சென்ற அலுவலகத்தில், எங்கள் பிரதியில் முத்திரையிட்டுத் தர மறுத்தார்கள். அன்றே அதை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் பெயர் அழைக்கப்பட்டதற்கு அந்த அட்டைதான் காரணமா என்று தெரியாது. ஆனால் கேட்டவர்களிடம் காட்ட அது கையில் இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகும் வீடுகள் எத்தனை என்று மட்டும் கேட்டார்கள். தெருவாரியாகக் கணக்கைக் கொடுத்தோம். வாக்கின் மதிப்பைப் பற்றிய பகுதி 'பதிவு செய்துகொள்ளப்பட்டது'.

2018 டிசம்பரில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்தத் தெருக்கள் எங்கள் பக்கமே இருந்தன. இன்னொரு கோரிக்கை என்னவாயிற்று என்று அறிய, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண முத்திரை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். சட்டம் தரும் 30 நாட்களில் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த நகல்களில் எண்கள் இருந்தன, காரணம் இல்லை.

2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. அதற்கான வாக்காளர் பட்டியலில், கோடம்பாக்கம் மண்டலத்தின் 137ஆவது வார்டில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் ஆலந்தூர் மண்டலத்தின் 159ஆவது வார்டில் சுமார் 3,100 பேரும் இருந்தார்கள். இரண்டு வார்டுகளுக்கும் மன்றத்தில் தலா ஓர் இருக்கைதான். இப்போதைய மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த மனுவுக்காக 200 வார்டுகளின் வாக்காளர் எண்ணிக்கையையும் ஒரே தாளில் தொகுத்து வைத்திருக்கிறோம். இம்முறை அதுதான் முதல் பக்கம், ரயில்வே கேட் இரண்டாவது.