இருட்டில் இருபது நிமிடங்கள்

பார்வைச் சோதனை அறையில் பணிபுரிபவர்களுக்கு ஒரு புகார் நன்கு பழக்கமானது: "எழுத்தெல்லாம் தெரியுது தம்பி, ஆனா பொழுது சாஞ்சா எதிர்ல வர்றவங்க முகம் தெரியல." சென்ற ஆண்டு இதையே என்னிடம் சொன்ன ஒரு அம்மாவின் விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. படத்தில், விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் எனப்படும் கழிவுப் படிவுகள் சிறு சிறு மேடுகளாக எழும்பியிருந்தன. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவைத் தாக்கும் வயது சார்ந்த மாக்குலா சிதைவின் இடைநிலை அது. அதே அம்மா சற்று முன்புதான் எழுத்துப் பலகையின் வரிகளை ஏறத்தாழ முழுவதும் தடுமாறாமல் படித்திருந்தார். கோப்பில் 'பார்வை நன்று' என்று எழுதியவன் நான்தான். எழுதியதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களும் அவருடைய விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய ஒரு வட்டத்துக்கு மட்டுமே பொருந்தும்.

எழுத்துப் பலகையை 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்துத் தந்தார். இன்று மருத்துவ ஆய்வுகளில் பயன்படும் ஈ.டி.டி.ஆர்.எஸ். பலகையில் வரிக்கு 5 எழுத்துகள் இருக்கும். 3 வரிகள், அதாவது 15 எழுத்துகள் குறைந்துவிட்டால், ஒருவரால் படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்து முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது என்று பொருள். கணக்கு என்ற வகையில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சிறிய எழுத்தை அடையாளம் காண, ஏறத்தாழ 6 மி.மீ. குறுக்களவுள்ள மாக்குலா முழுவதும் தேவையில்லை. அதன் நடுவிலுள்ள ஃபோவியா என்ற குழியே போதும். இந்த நோயின் உலர் வகை (இரத்தக் கசிவு இல்லாதது) முற்றிச் செல்கள் மடிந்த திட்டுகள் உண்டாகும்போதும், பல கண்களில் அவை ஃபோவியாவைச் சுற்றி வளையமாகப் பரவி, நடுவை நெடுநாள் விட்டுவைக்கின்றன. அப்படித் தீவாக எஞ்சிய பரப்பைக் கொண்டு சிறிய எழுத்தைப் படித்துவிடும் ஒருவர், பெரிய எழுத்து அந்தத் தீவுக்குள் அடங்காததால் தலைப்புச் செய்தியில் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். உடன் வந்த உறவினர்கள் அவர் நடிக்கிறார் என்றே நினைத்தார்கள்.

அதே பலகையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்தினால் கூடுதலாக ஒன்று தெரியவரும். ஒளியை நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டியைக் கண்ணுக்கு முன்னால் வைத்து, மீண்டும் படிக்கச் சொல்ல வேண்டும். நலமான கண்ணும் சில எழுத்துகளை இழக்கும். மாக்குலா நோயுள்ள கண் அதைவிட அதிகமாக இழக்கும். செல்கள் மடிந்த திட்டுகள் உள்ளவர்களில், வெளிச்சத்திலும் மங்கலிலும் படித்த எழுத்துகளுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாக இருந்த கண்களே அடுத்துவந்த ஆண்டுகளில் பார்வையை அதிகம் இழந்தன என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே அளவுள்ள எழுத்துகள் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகையும் (1988) இதே போல மறைந்திருக்கும் குறையைக் காட்டக்கூடியது. ஆனால் கண்புரை இருந்தாலும் அதில் எண் குறையும் என்பதால், லென்ஸைப் பார்க்காமல் விழித்திரையின் மேல் பழி போடக்கூடாது.

அந்த அம்மாவின் புகாருக்கு நேரான விடை இருட்டில்தான் கிடைத்தது. மாக்குலா என்றதும் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்புச் செல்கள்தாம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் ஃபோவியாவின் மையத்தில் மட்டுமே, மங்கலில் பார்க்க உதவும் குச்சிச் செல்கள் இல்லை. மாக்குலா முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு கூம்புக்கு ஒன்பது குச்சிகள் என்ற அளவில் அவை நிறைந்திருக்கின்றன. முதுமையிலும் இந்த நோயிலும் குச்சிகளே முதலில் நலிகின்றன என்பதை, இறந்தவர்களின் தானமளிக்கப்பட்ட கண்களில் செல்களை எண்ணிப் பார்த்த கிறிஸ்டின் கர்சியோ குழுவினர் நிறுவினார்கள். பளிச்சென்ற ஒளி பட்டதும் குச்சியிலுள்ள ரோடாப்சின் என்ற ஒளியுணர் நிறமி வெளிறிவிடுகிறது; அது மீண்டும் உருவாவதற்கு வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம், அடியிலுள்ள நிறமிப் படலத்திலிருந்து வந்து சேர வேண்டும். அந்தப் படலத்துக்கும் அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாய்களுக்கும் நடுவே உள்ள சவ்வில்தான் வயதோடு கொழுப்பு சேர்கிறது, ட்ரூசனும் அங்கேதான் படிகிறது. வழி அடைபட்டால் சரக்கு வரத் தாமதமாகும். கூம்புகளுக்கு இதைத் தவிர வேறொரு வழியாகவும் வரத்து உண்டு என்பதால் அவை அவ்வளவு விரைவில் தவிப்பதில்லை.

இந்தத் தாமதத்தை நிமிடக் கணக்கில் அளக்கலாம் என்பதே இருள் தகவமைப்புச் சோதனையின் சிறப்பு. பளிச்சென்ற ஒரு கணநேர ஒளியால் விழித்திரையின் சிறு பகுதியை வெளிறச் செய்துவிட்டு, இருளில் நடுவிலுள்ள புள்ளியை நோக்கியபடி, அதிலிருந்து 5 பாகை தள்ளித் தோன்றும் மங்கலான ஒளி கண்ணில் படும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்கிறோம். முதல் சில நிமிடங்களில் கூம்புகள் மீண்டு ஓர் எல்லையில் நின்றுவிடும். பிறகு குச்சிகள் பொறுப்பேற்று, இன்னும் மங்கலான ஒளியையும் காணத் தொடங்கும். குறிப்பிட்ட ஒரு மங்கலை எட்டுவதற்கு ஆகும் நேரமே விடை. பரவலாகப் பயன்படும் முறையில் 6.5 நிமிடங்களுக்குள் எட்டினால் இயல்பு என்று கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு 20 நிமிடங்கள் முடிந்தும் எட்டவில்லை. கருவி தானாகவே நின்றுவிட்டது. நிறமிப் படலத்துக்கு மேலேயே படியும் வலைப்பின்னல் போன்ற படிவுகள் உள்ள கண்களில் இப்படி ஆவது வழக்கம்.

இச்சோதனையின் தொல்லையையும் சொல்லியாக வேண்டும். வயதானவர்களை இருட்டறையில் அசையாமல் உட்காரவைத்தால் சிலர் தூங்கிவிடுகிறார்கள். கண் இமை பாதி மூடியிருக்கும்போது வரும் எண் நோயைக் காட்டுகிறதா, களைப்பைக் காட்டுகிறதா என்று கருவிக்குத் தெரியாது. அருகில் நின்று அவ்வப்போது பேச்சுக் கொடுப்பதே எனக்குத் தெரிந்த மருந்து.

எங்கே குறைகிறது என்று அறிய மைக்ரோபெரிமெட்ரி வேண்டும். வழக்கமான பார்வைப்புலச் சோதனை, நோயாளி நடுப்புள்ளியை நேராகப் பார்க்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. நடு விழித்திரையை இழந்தவரோ, தம்மையறியாமல் பக்கத்திலுள்ள நலமான ஓரிடத்தால் பார்க்கப் பழகியிருப்பார். அவருடைய வரைபடம் முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். மைக்ரோபெரிமெட்ரி கருவி, அகச்சிவப்புக் கதிரால் விழித்திரையைப் படமெடுத்தபடியே இரத்தக் குழாய்களை அடையாளமாகக் கொண்டு கண்ணின் அசைவைத் தொடர்ந்து, ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் குறித்த இடத்தில் விழச் செய்கிறது. விடை, இங்கே ஒளியுணர்வின் அளவான டெசிபெல்லில் வரும். மிகப் பிரகாசமான புள்ளியும் தெரியாத இடம் முழுக் குருட்டிடம். முதல் முறை செய்யும்போது பலரும் தடுமாறுவதால் அந்த முடிவை நான் பயிற்சியாகவே கருதுகிறேன். எல்லாப் புள்ளிகளின் சராசரியை மட்டும் பார்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. திட்டின் விளிம்பில் நடக்கும் சரிவை, தொலைவிலுள்ள நலமான புள்ளிகள் அந்தச் சராசரிக்குள் கரைத்துவிடுகின்றன.

பதிலே கேட்காமல் விழித்திரையின் மின் அலைகளைப் பதியும் இ.ஆர்.ஜி. இதற்கு ஏன் போதாது என்று சிலர் கேட்பதுண்டு. முழுப்புல இ.ஆர்.ஜி. விழித்திரை முழுவதன் கூட்டுக் குரல். மாக்குலா அதில் சிறு பங்கே என்பதால், நடுப்பார்வை சிதைந்த கண்ணிலும் அது ஏறத்தாழ இயல்பாகவே வரக்கூடும். எரிக் சட்டர் உருவாக்கிய பல்குவிய இ.ஆர்.ஜி. 61 அல்லது 103 அறுகோணங்களை ஒளிரச்செய்து இடவாரியாகப் பிரித்துத் தருகிறது. ஆனால் அசையாத பார்வை வேண்டும், இந்த நோயாளிகளிடம் இல்லாததும் அதுவே.

இந்த அளவைகளெல்லாம் ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தவர்களுக்கு, உலர் வகைக்கு வந்த முதல் மருந்து ஒரு பாடமாக அமைந்தது. செல்கள் மடிந்த திட்டு விரிவதைப் பெக்செட்டகோபிளான் ஊசி மெதுவாக்குகிறது என்ற அடிப்படையில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 பிப்ரவரியில் அதற்கு ஒப்புதல் தந்தது; நோயாளியின் அன்றாடப் பார்வைக்குப் பயன் தெளிவாகவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமையின் வல்லுநர் குழு 2024-இல் மறுத்தது. படத்தில் தெரிந்த நன்மை பலகையில் தெரியவில்லை. மருந்தின் குறையா, அளவுகோலின் குறையா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டிலும் பங்கிருக்கிறது என்பது என் கருத்து.

அந்த அம்மா அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தார். பலகையில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. சோதனைப் படிவத்தில் பார்வைக் கூர்மைக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. அதில் பழைய எண்ணையே எழுதிவிட்டு, ஓரத்து வெற்றிடத்தில் 'இருளில் 20 நிமிடங்களிலும் மீளவில்லை. இரவில் தனியே நடப்பதைத் தவிர்க்கச் சொல்லப்பட்டது' என்று சேர்த்தேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். படித்துக் காட்டியதும், "இதைத்தானே தம்பி நான் போன வருஷமே சொன்னேன்" என்றார்.