டிராக்டர் லிப்ட் தூக்கலன்னா உடனே பம்பை மாத்தாதீங்க மக்கா

கும்பப்பூ நெல் சாகுபடிக்கு உழவு நேரம். பூதப்பாண்டி பக்கம் ஒரு அண்ணனோட மினி டிராக்டர், பின்னாடி மாட்டி உழுற ரொட்டவேட்டரைத் தூக்க மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்புல பாக்காமலே 'பம்பு போச்சு'ன்னுட்டாங்க. எல்லாருக்கும் முதல்ல, லிப்டுக்கு ஆயிலைத் தள்ளுற பம்பு மேலதான் கண்ணு!

முதல்ல அந்த ஹைட்ராலிக் ஆயிலைப் பாருங்க. நுரைச்சு வெளுத்திருந்து, வண்டியை நிறுத்திப்போட்டா தெளியுதுன்னா காத்து இழுக்குது. ஆயில் குறைவு, இல்லன்னா சக்‌ஷன் பைப்புல ஓரிங்ங்கிற ரப்பர் வளையம் போயிருக்கும். தெளியாம பால் மாதிரியே கெடந்தா தண்ணி கலந்தாச்சு. தொளிச் சேத்துல ஓடுற வண்டிக்கு இது சகஜம். அடுத்து ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெய்னரை டீசல்ல கழுவுங்க, அண்ணன் வண்டியில அடைச்சிருந்தது அதுதான். காலையில நல்லா தூக்கி, ஆயில் சூடானதும் தளர்ந்தா அப்போ பம்பைச் சந்தேகப்படலாம்.

இஞ்சினை ஆஃப் பண்ணினதும் ரொட்டவேட்டர் தானா இறங்குதா? அது பம்பே இல்ல. லிப்ட் சிலிண்டர் சீல், இல்லன்னா கண்ட்ரோல் வால்வு கசியுது. பாக்குறதுக்கு முன்னாடி ரொட்டவேட்டரைத் தரையில இறக்கிருங்க.