செங்கோட்டை – புனலூர்: பகல் வண்டியில் போங்க

மலையைப் பார்க்க வேண்டுமென்றால் பாலருவி எக்ஸ்பிரஸ் வேண்டாம், மலைப்பாதையை இரவில்தான் கடக்கிறது. மதுரை–குருவாயூர் வண்டி பகலில் போகும். 49 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். ஏற்றம் கடுமை என்பதால் பின்னாலும் ஒரு இன்ஜின் தள்ளும். இறக்கத்தில் பிரேக்குக்கும் அதுதான் துணை. அதை மாட்டவும் கழற்றவும் வண்டி நிற்கும், பதறாதீர்கள்.

பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை. அந்தப் பக்கம் கேரளம், ஆரியங்காவு. அடுத்து கண்ணை எடுக்கவே கூடாத இடம், கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம். 1904-இல் மீட்டர்கேஜ் (குறுகிய தண்டவாளம்) ரயில் ஓடிய காலத்துக் கல் வளைவுகள். 2018-இல் அகலப்பாதை வந்தபோதும் இடிக்காமல் பலப்படுத்தினார்கள். எவ்வளவு நல்ல காரியம்! பாலம் முழுசாகத் தெரிய, தென்மலையில் இறங்கி சாலை வழியே திரும்பி வாருங்கள்.

ஏசி பெட்டியின் கண்ணாடி படத்தைக் கெடுக்கும். சாரல் காலத்தில் ஜன்னலோரம் நனையும், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.