முதலை வாய்ப் பிள்ளையும் எங்கள் அமுச்சியும்

திருப்பூரில் பஸ் ஏறி, திருமுருகன்பூண்டி தாண்டுவதற்குள் பையன் ஆரம்பித்துவிட்டான். "முதலை வயித்துக்குள்ள அவன் எப்படிம்மா மூச்சு விட்டான்?" மூன்றாம் வகுப்புப் படிக்கிறவன். அவிநாசிக்குப் போகிறோமே என்று முந்தின ராத்திரி கதையைச் சொல்லி வைத்தது என் தப்புதான்.

'காசியில் வாசி அவிநாசி' என்பார்கள். லீவு நாள் என்றாலும் அன்றைக்குக் கூட்டமில்லை. அவிநாசியப்பரைப் பார்த்துவிட்டு, அவருக்கு வலப்புறம் நிற்கிற கருணாம்பிகையிடம் கொஞ்ச நேரம் நின்றோம். பையனுக்கு அதிலெல்லாம் மனசில்லை. குளம் எங்கே, குளம் எங்கே என்று ஒரே நச்சரிப்பு.

தாமரைக்குளக்கரையில்தான் அது நடந்தது என்பது நம்பிக்கை. இரண்டு பையன்கள் குளிக்க இறங்கினார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவழியே வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. தப்பித்தவனுக்குப் பூணூல் போடுகிறார்கள். போனவனுடைய வீட்டில் வேறென்ன கேட்கும்?

சுந்தரர் தேவாரத்தில் இந்த முதலைக்கென்று இருப்பது ஒரே ஒரு வரி: 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே.' மேளமும் அழுகையும் எதிரெதிர் வீடுகளும் அதில் இல்லை. அவையெல்லாம் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் வாய்வழியாக நமக்கு வந்தவை. என் பையன் கேட்ட மாதிரிக் கேள்விகளை அவரிடமும் யாரோ கேட்டிருக்க வேண்டும். பிள்ளையை மீட்கச் சுந்தரர் பாடுகிற பாட்டு முடிவதற்குள் எமன் உயிரைக் கொண்டுவந்து முதலை வயிற்றிலிருக்கும் உடம்பில் சேர்க்கிறான். போன வருஷங்களின் வளர்த்தியும் சேர்ந்தே வருகிறது, 'தரைப்பால் வளர்ந்ததென'. அதாவது, தரையிலேயே வளர்ந்த பிள்ளை மாதிரி. விழுங்கின வயசிலேயே திருப்பிக் கொடுத்திருந்தால் கூடவே குளித்தவன் மட்டும் பெரியவனாகியிருப்பானே! எனக்கு முதலை பிள்ளையை உமிழ்ந்ததைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய அதிசயம்.

பெற்றவர்கள் விஷயத்தில் மட்டும் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, சேக்கிழாரோடு ஒத்துப்போனதில்லை. பெரியபுராணத்தில் அவர்கள் துக்கத்தை மறைத்து, முகம் மலர்ந்து வந்து சுந்தரரைக் கும்பிடுகிறார்கள். பிள்ளையை இழந்தவர்கள் நீங்களா என்று அவர் கேட்டால், அது எப்போதோ நடந்து முடிந்தது, உங்களைக் கும்பிடத்தான் காத்திருந்தோம் என்கிறார்கள்.

கோயில் பிரசங்கத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து அமுச்சி பொருமினாள். "பெத்தவ சிரிச்சுட்டு வருவாளா கண்ணு? அந்தாளுக்கு என்ன தெரியும்!" அவள் கதையில் அந்தத் தாய் சுந்தரர்மேல் மண்ணை வாரித் தூற்றுவாள். "உன்ற சாமி எங்கடா போனான்"னு கேட்பாள். அப்புறம்தான் அவர் பாடவே ஆரம்பிப்பார்.

அமுச்சியின் மூத்த பையன் தோட்டத்துக் கிணற்றில் போனவன். என் அம்மா பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவள் அதை ஒரு கதையாகச் சொன்னதே இல்லை. முதலைக் கதையை மட்டும் அலுக்காமல் சொல்லுவாள். பங்குனியில் முதலை வாய்ப் பிள்ளை உற்சவத்துக்கு வண்டி கட்டிப் போன காலத்திலிருந்தே அப்படித்தானாம். நம்பினாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருதடவை, "நெசமா அமுச்சி?" என்று கேட்டதற்கு, "கேக்கறப்ப நெசந்தான்" என்றாள்.

குளக்கரையில், சுந்தரர் சன்னதியில் பையன் கை கூப்பினான். உடனே அடுத்த கேள்வி. "வெளிய வந்ததும் அவங்கம்மா என்னம்மா பண்ணுனாங்க?"

தாய் ஓடிப்போய் வாரி எடுத்தாள், சுந்தரர் காலில் விழுந்தாள் என்று ஏட்டில் இருப்பதைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் அமுச்சி கதைதான் வந்தது.

"முந்தானைல தலையத் தொவட்டி உட்டா, சாமி. எத்தன நாளு ஈரமோ!"