மண்டூருக்குப் பாதையில் போனோம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருந்து, மறுகரையில் இருக்கிற மண்டூர் முருகன் கோயிலுக்குப் போக இரண்டு வழி. பட்டிருப்புப் பாலம் கடந்து, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றிப் போகலாம். இல்லையென்றால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறலாம். வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே பாதை என்றால் ரோட்டு அல்ல, வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. மோட்டார் சைக்கிள், பூக்கூடை, ஆட்கள் எல்லாம் ஒரே தட்டில்.

இவருக்கு, என் கணவருக்கு, பாலம்தான் விருப்பம். பாதையில் ஏறினால் தெரிந்த ஆட்கள் முகத்துக்கு முகம் நிற்பார்கள். ஒளிய இடமில்லை. மகள்தான், "பாதையிலேயே போவம் அம்மா" என்றாள். மருதமுனைச் சேலை ஒன்று உடுத்தியிருந்தாள், கரும்பச்சை. மூன்று பேரும் சேர்ந்து ஆவணித் திருவிழாவுக்குப் போய் ஐந்து வருடமாகிறது.

அவளுக்கு ஏழு வயதில் இதே கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். மண்டூரில் சின்னப் பெண் பிள்ளைகள் ஆலாத்தி, அதாவது ஆரத்தி, எடுப்பார்கள். தட்டில் விளக்கு, முகத்தில் சிரிப்பே இருக்காது, அவ்வளவு கவனம். அதைப் பார்த்துவிட்டு, "நானும் அடுத்த முறை எடுக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்போது அவளை மகன் என்றுதான் வளர்த்துக்கொண்டிருந்தோம். அம்மம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்து பூவரசம் கம்பால் அடித்தார். நான் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடி விழுந்த சத்தம் கேட்டது, துருவுவதை நான் நிறுத்தவில்லை. வரும்போதெல்லாம் கந்தனிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். தில்லை மரத்தில் வேலைக் கண்டு வேடர்கள் வணங்கிய இடம் என்பது எங்கள் பக்கத்துக் கதை. இங்கே மந்திரம் ஓதிப் பூசை இல்லை. பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே போவார், மௌனமாகவே பூசை நடக்கும். வெளியே நாங்கள் "அரோகரா" என்று கத்துவோம். திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை, என் அம்மா பார்த்ததில்லை. பார்க்காததால் யாருடைய பக்தியும் குறையவுமில்லை. அன்றைக்குத் திரையைப் பார்த்து நின்றபோது, என் பிள்ளையிடம் மட்டும் உள்ளே என்ன, உள்ளே என்ன என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

சிவன் பாதி சக்தி பாதி என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருபவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், சரி. ஆனால் அவள் பாதி இல்லையே.

கடுதாசி அளவில் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. 2016 இல் இலங்கைச் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கைப்படி வைத்தியர்கள் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தருகிறார்கள். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றலாம். அவளே அலைந்து எடுத்தாள். ஒரு அலுவலகத்தில் மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள், நாலாம் தரம் நான் கூடப் போனேன்.

மாறாமல் கிடந்தது வீடு. எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழி, வீடு பெண் பிள்ளைக்கு. மூத்தவளுக்கு இவர் கட்டிக் கொடுத்துவிட்டார். பின்வளவில் இன்னொரு துண்டுக் காணி வெறுமையாய்க் கிடக்கிறது. ஆண் பிள்ளை என்றால் கட்டித் தரத் தேவையில்லை. பெண் பிள்ளை என்றால் அத்திவாரம் வெட்ட வேண்டும். அந்தக் காணியைப் பற்றிய பேச்சையே இவர் எடுப்பதில்லை. அவளைக் கூப்பிடுவதும் இல்லை. முன்பு மகனைக் கூப்பிடுவதுபோல "மனே" என்பார். அதை விட்டார், வேறொன்றைப் பிடிக்கவில்லை. "சோறு இருக்கு", "பஸ் வந்திட்டு" என்று சுவருக்குச் சொல்வதுபோல ஐந்து வருடம்.

கோயிலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அர்ச்சனைத் தட்டோடு நிற்கையில் இவர் வழிச் சொந்தத்தில் ஒரு மாமி அவளை மேலும் கீழும் பார்த்து, "இது ஆரு?" என்றார். "இளையவள்" என்றேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சேலை எங்க வாங்கின?" என்று அவளிடமே கேட்டார். அப்புறம் இருவரும் நூல் எண்ணிக்கை, சாயம் என்று பேச ஆரம்பிக்க, என்னை மறந்துவிட்டார்கள். ஆலாத்திப் பிள்ளைகள் வந்தபோது மகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கைகூப்பினாள். இவர் தூணோடு நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு வயதுக் கதை இவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

கச்சான் கடலை வாங்காமல் கோயிலால் வருவது எங்களுக்குப் பழக்கமில்லை. நாலு பை வாங்கினோம், ஒன்று அயல் வீட்டுக்கு.

திரும்பும்போது பாதையில் சனம் நெரிந்தது. வாடைக்காற்று இல்லாத காலம், ஆனாலும் நடு வாவியில் அலை அடித்தது. மகள் ஓரத்தில் நின்று கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பெண்களோடு பேசும்போது சொல்லின் வாலில் ஒரு 'கா' ஒட்டிக்கொள்ளும். வாகா, இருகா, என்னகா. என்னையும் மூத்தவளையும் இவர் அப்படித்தான் பேசுவார்.

"தள்ளி நில்லுகா புள்ள, சேலை நனையுது."

நான் கிறுகிப் பார்த்தேன். இவர் மண்டூர்க் கரையைப் பார்த்தபடி நின்றார். அவள் காதில் விழுந்ததா, தெரியாது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பக்கமாகத் தள்ளி நின்றாள்.